முதல் ஏர் ரைபிள்: சென்னையில் புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு முறைக்கு ஒரே குண்டு ஏற்றிச் சுடக்கூடிய, நீளம் குறைந்த, தூக்கிச் செல்ல எளிதான ரைபிள் ஒன்று வேண்டும் என்று விசாரிப்பவர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டவர்கள். பண்ணை வண்டியின் இருக்கைக்குப் பின்னால் மடக்கி வைக்கும் .22 ரைபிளையும் (குழலின் உள்விட்டம் .22 அங்குலம்), தேவைக்கேற்பக் குழலை மாற்றிக்கொள்ளும் ஒற்றைக்குண்டுத் துப்பாக்கியையும் அங்கே காட்டுகிறார்கள். அந்த நாட்டில் அவை வேட்டைக்கும் பண்ணை வேலைக்கும் உரிய கருவிகள். இங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. தோட்டா வெடித்துச் சுடும் எந்தத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் கேட்டவுடன் கிடைப்பதும் இல்லை. ஆகவே குறிபார்த்துச் சுடப் பழக விரும்பும் சாதாரணச் சென்னைவாசிக்கு, அந்தச் சிறிய ஒற்றைக்குண்டு ரைபிளின் இடத்தில் நிற்பது, வெடிமருந்து இல்லாமல் காற்றின் அழுத்தத்தால் குண்டைத் தள்ளும் ஏர் ரைபிள்தான்.

அதைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சுடும் இடம், சட்டம், குழலின் அளவு, இயங்கும் முறை, உங்கள் உடம்புக்கேற்ற நீளமும் எடையும் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்துகொண்டு வந்தால், கடைசியில் பெயரையும் விலையையும் பார்க்கும்போது மிஞ்சுவது இரண்டு மூன்று ரைபிள்களாகவே இருக்கும். கடைக்குள் நுழைந்ததும் "இது எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்பவர் இந்த வரிசையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார், பெரும்பாலும் தனக்குத் தேவையில்லாத வலுவுக்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிறார்.

முதல் படி: எங்கே சுடப்போகிறீர்கள்?

ஏர் ரைபிள் பயிற்சிக்கும் போட்டிக்கும் உலகமெங்கும் வகுக்கப்பட்ட தூரம் 10 மீட்டர். நிற்கும் இடத்தையும் இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் பெட்டியையும் சேர்த்தால் பன்னிரண்டு மீட்டராவது நேராக வேண்டும். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வரவேற்பறையும் சாப்பாட்டறையும் சேர்ந்தாலும் அவ்வளவு நீளம் அரிதாகவே அமையும். மொட்டைமாடி இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்ட ஒரு குண்டு சில நூறு மீட்டர் வரை போகக்கூடும். மயிலாப்பூரிலோ கொளத்தூரிலோ அந்தத் தொலைவுக்குள் துணி உலர்த்துபவரும், பட்டம் விடும் பையனும், தண்ணீர்த்தொட்டியைக் கழுவுபவரும் இருக்கிறார்கள். வரம்புக்குட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டம் சொல்வது வைத்திருப்பதைப் பற்றியது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் குற்றவியல் வழக்கு தனியாக வரும்.

எனவே பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது பயிற்சித் தளம்தான். எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. வேளச்சேரி குருநானக் கல்லூரியில் உள்ள தளத்தில், 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளின் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்தன. இவை தவிரத் தனியார் பயிற்சிக்கூடங்கள் நகரின் பல பகுதிகளில் 10 மீட்டர் தளங்களை நடத்துகின்றன. கையில் காசிருந்தாலும் முதலில் ஒரு தளத்தில் சேர்ந்து, அங்கே உள்ள ரைபிளில் சில வாரங்கள் சுட்டுவிட்டு, அதன் பிறகு சொந்தமாக வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. எடை எவ்வளவு தாங்கும், எந்த வகைக் குறிக்கருவி கண்ணுக்கு ஒத்துவருகிறது என்பதெல்லாம் அதற்குள் தானாகவே தெரிந்துவிடும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு ரைபிளைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள்.

புறநகரில் சொந்த மனையும் உயரமான சுற்றுச்சுவரும் உள்ளவர்கள் வீட்டிலேயே தளம் அமைக்கலாம். குண்டு தாங்கும் பெட்டி அவசியம். தடித்த பலகையால் செய்த ஆழமான பெட்டியில் பழைய துணியையும் ரப்பர் துண்டுகளையும் இறுக்கமாகத் திணித்து, அதற்குப் பின்னால் ஓர் இரும்புத் தகட்டை வைத்தால், குண்டு உள்ளேயே தங்கிவிடும். வெறும் செங்கல் சுவரையோ கருங்கல்லையோ நோக்கிச் சுட்டால் ஈயக் குண்டின் துணுக்கு திரும்பி வரும்; எஃகினால் ஆன உருண்டைக் குண்டு இன்னும் மோசமாகத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் யாரும் சுடக் கூடாது, பக்கத்தில் நின்று பார்ப்பவர் உட்பட.

இரண்டாம் படி: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ஏர் ரைபிளுக்கு இரண்டு எல்லைகளைச் சொல்கின்றன. குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூல், குழலின் உள்விட்டம் .177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. இவ்விரண்டுக்கும் உட்பட்ட ஏர் ரைபிளை லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம். .22 அங்குல, அதாவது 5.5 மி.மீ. ஏர் ரைபிளுக்குக் கடைக்காரர்கள் லைசென்ஸ் கேட்கிறார்கள். எங்கோ ஓர் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். சட்டத்தின் விளக்கத்தைப் பற்றி வாதாடும் நிலைமை காவல் நிலையத்தில் வைத்து ஏற்படுவது யாருக்கும் நல்லதல்ல.

20 ஜூல் என்பது எவ்வளவு என்று புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். கிலோகிராமில் குண்டின் எடையில் பாதியை எடுத்து, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். போட்டிகளில் வழக்கமாகப் பயன்படும் 0.53 கிராம் குண்டு விநாடிக்கு 275 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் ஆற்றல் ஏறக்குறைய 20 ஜூல். அதே குண்டு ஒலிம்பிக் தரப் போட்டி ரைபிளில் விநாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. ஆற்றல் 8 ஜூல். 2008இல் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கமும், 2012இல் சென்னையில் பிறந்த ககன் நரங்குக்கு வெண்கலமும் கிடைத்தது அந்த வலுவுள்ள ரைபிள்களைக் கொண்டுதான். அட்டையில் ஓட்டை போட அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைக் கண்டு மயங்க வேண்டாம். மிகவும் எடை குறைந்த குண்டைப் போட்டுப் பார்த்து அதிகபட்ச வேகத்தை அச்சிடுவது விற்பனை வழக்கம். நீங்கள் போடப்போகும் குண்டு அவ்வளவு வேகத்தில் போகாது, போகவும் வேண்டியதில்லை. மாறாக, ரைபிளைத் திறந்து உள்ளே உள்ள ஸ்பிரிங் சுருளை மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். 20 ஜூலைத் தாண்டிய நிமிடத்தில் உங்கள் கையிலிருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். புறா, கொக்கு, காடை, கௌதாரி, அணில், மாடிக்கு வந்து தொட்டியைத் திறக்கும் குரங்கு, தெருநாய் ஆகிய எதையும் சுடுவதற்கு ஏர் ரைபிள் அனுமதி அல்ல. வனவிலங்குச் சட்டமும், 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் அதற்காகவே இருக்கின்றன. செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் காட்டுப்பன்றியைப் பற்றிக் கேட்பதுண்டு. தமிழக அரசு 2025இன் தொடக்கத்தில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்துக்குள் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே உரியது, நிலத்துக்காரருக்கு இல்லை. தவிர, ஏர் ரைபிள் குண்டால் பன்றி சாகாது, புண்பட்டு வெறிகொள்ளும்.

மூன்றாம் படி: .177, .22 என்ற விவாதம்

மேலே சொன்ன கோட்டினால் உங்கள் விடை ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்றாலும், ஏன் .177 ஒரு சமரசம் அல்ல என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய ஆட்கள் சிலர் ".22தான் துப்பாக்கி, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்று சொல்லிப் புதியவரைக் குழப்புவார்கள்.

.177 குண்டு பொதுவாக அரை கிராமை ஒட்டிய எடை உள்ளது; .22 குண்டு அநேகமாக ஒரு கிராமை ஒட்டியது. ஒரே 20 ஜூல் ஆற்றலை இரண்டுக்கும் கொடுத்தால், 0.53 கிராம் குண்டு விநாடிக்கு 275 மீட்டரிலும், 0.93 கிராம் குண்டு ஏறத்தாழ 207 மீட்டரிலும் புறப்படும். வேகம் குறைந்த குண்டு இலக்கை அடைவதற்குள் அதிகம் இறங்குகிறது. 25 மீட்டரில் .177 குண்டு குழலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தாழும் என்றால், .22 குண்டு சுமார் 8 செ.மீ. தாழும். இது தோராயக் கணக்குத்தான். 10 மீட்டரில் இந்த வேறுபாடு அரை சென்டிமீட்டர் அளவே. ஆக, அட்டை இலக்குக்கு .177 நேராகவும் போகிறது, குண்டும் மலிவு, எங்கும் கிடைக்கும், உலகப் போட்டி விதியும் 4.5 மி.மீ. மட்டுமே. எடை கூடிய குண்டின் பயன் தொலைவில் விலங்கின் மேல் மோதும் ஆற்றலில்தான் இருக்கிறது. அந்தத் தேவை நமக்கு இல்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ஏர் ரைபிளின் .22 வேறு, தோட்டா வெடிக்கும் .22 லாங் ரைபிள் வேறு. இரண்டாவது, 1887 முதல் புழக்கத்தில் இருக்கும் தோட்டா, அதன் 2.6 கிராம் குண்டு விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பி 140 ஜூல் ஆற்றலைச் சுமந்து செல்கிறது. லைசென்ஸ் வேண்டாத ஏர் ரைபிளின் உச்ச வரம்பைப்போல ஏழு மடங்கு. தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகக்கூடியது. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

நான்காம் படி: இயங்கும் முறை

ஒற்றைக்குண்டு ஏர் ரைபிளில் புதியவர் பார்க்கப்போவது பெரும்பாலும் இரண்டு வகைகள். ஒன்று, குழலை நடுவில் மடக்கிச் சுருளை இறுக்குவது. இதைப் பிரேக் பேரல் என்கிறார்கள். மற்றது, முன்கூட்டியே காற்றை அடைத்துவைத்த உருளையிலிருந்து சுடும் பி.சி.பி.

பி.சி.பி.யில் அதிர்வு மிகக் குறைவு; அதனால் குறி தவறுவதும் குறைவு. போட்டி ரைபிள்கள் எல்லாம் இந்த வகைதான். ஆனால் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்ப வேண்டும். அதற்குக் கைப்பம்போ கம்ப்ரெசரோ முக்குளிப்பு உருளையோ வேண்டும். அவற்றின் விலை சில சமயம் ரைபிளின் விலைக்கே போட்டியாக வந்து நிற்கும். தளத்தில் காற்று நிரப்பும் வசதி இருந்து, போட்டிக்குப் போகும் எண்ணமும் உறுதியாக இருந்தால் இதை எடுக்கலாம். வெளிநாட்டுப் போட்டி ரைபிள்கள் லட்சங்களில் போகும். முதல் ரைபிளாக அதை வாங்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் காரணம் கேளுங்கள்.

பிரேக் பேரல் தன்னிறைவானது. குழலைக் கீழே மடக்கும்போது உள்ளே உள்ள பிஸ்டன் பின்னே நகர்ந்து சுருளை அழுத்திப் பூட்டிக்கொள்கிறது. விசையை (டிரிக்கரை) இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை நெருக்க, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. சுருளுக்குப் பதிலாக வாயு அடைத்த உருளை வைத்த மாதிரிகளும் உண்டு. பிரிசிஹோல், எஸ்.டி.பி. போன்ற இந்தியத் தயாரிப்புகள் சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. உதிரிபாகம் நம் நாட்டிலேயே கிடைப்பது பெரிய வசதி.

குண்டு ஏற்றுவதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன். ரைபிளின் முனை பாதுகாப்பான திசையில் இருக்க, குழலை மடக்கி, பூட்டிக்கொண்ட ஓசை கேட்ட பின்னும் இடக்கையை குழலிலிருந்து எடுக்காதீர்கள். பூட்டு நழுவினால் குழல் விரலை நசுக்கும் வேகத்தில் திரும்பி மேலேறும். குழலை அப்படியே பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் ஒரு குண்டை எடுத்து, அதன் மெல்லிய பாவாடைபோன்ற பின்விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியதைத் தூர வையுங்கள். நல்ல குண்டின் தலை முன்னே போகும்படி குழலின் பின்வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால், விளிம்பு உலோகத்துடன் சமமாக உட்கார்வது விரலுக்கே தெரியும். அதன் பிறகு குழலை மேலே மூடுங்கள். விரல் விசைக்குப் போவது குறிபார்த்த பிறகுதான். இத்தனையையும் ஒவ்வொரு குண்டுக்கும் செய்ய வேண்டியிருப்பதே ஒற்றைக்குண்டு ரைபிளின் சிறப்பு. குண்டுகளை வரிசையாக அடுக்கிச் சுடும் மாதிரியில் பழகியவர் தவறிய குண்டின் காரணத்தை யோசிக்கும் முன் அடுத்ததைச் சுட்டுவிடுவார்.

ஐந்தாம் படி: நீளமும் எடையும்

சிறிய ரைபிள் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பிரேக் பேரல் ரைபிளில் குழல்தான் நெம்புகோல். குழல் குட்டையாக இருந்தால் அதே சுருளை இறுக்க அதிக வலு வேண்டும். 20 ஜூலை ஒட்டிய வலுவும், குட்டைக் குழலும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரியைக் கடையில் ஒரு முறை மடக்கிப் பார்த்து "பரவாயில்லை" என்று சொல்லிவிடலாம். முப்பதாவது முறை தோள்பட்டை வேறு பதில் சொல்லும். நீளம் குறைய வேண்டுமானால் வலுவையும் சேர்த்துக் குறையுங்கள். 10 முதல் 12 ஜூல் அளவுள்ள, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள, இரண்டரை கிலோவை ஒட்டிய ரைபிள் பெரும்பாலான புதியவர்களுக்குப் பொருந்தும். முழு அளவு மாதிரிகள் ஏறக்குறைய 110 செ.மீ. நீளமும் மூன்று கிலோவுக்கு மேல் எடையும் கொண்டவை.

எடை குறையக் குறைய நல்லது என்பதும் சரியல்ல. மிக லேசான ரைபிள் மூச்சுக்கும் நாடித் துடிப்புக்கும் ஆடிக்கொண்டே இருக்கும். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிப்பதும், வீரர்கள் அந்த எல்லையை நெருங்கியே வைத்துக்கொள்வதும் அதனால்தான்.

பொருத்தம் பார்க்க எளிய வழி உண்டு. முழங்கையை மடக்கி, அதன் உள்வளைவில் தோளில் பொருத்தும் கட்டையின் (ஸ்டாக்) பின்பகுதியை வைத்தால், சுட்டுவிரலின் முதல் கணு விசைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குறிக்கருவி நேர் எதிரே தெரிந்தால் அந்தக் கட்டை உங்களுக்கானது. கழுத்தை நீட்டியோ தலையைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால், எவ்வளவு பெயர் பெற்ற ரைபிளானாலும் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் கன்னம் சாயும் மேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க மறக்கக் கூடாது. கடையில் குண்டில்லாமல் விசையை இழுத்துப் பார்க்காதீர்கள்; காற்றின் தடை இல்லாமல் பிஸ்டன் நேரே உருளையின் முகத்தில் மோதிச் சேதமாகும். சுருள் ரைபிளை வைத்திருக்கும் எந்தக் கடைக்காரரும் அதை விரும்ப மாட்டார்.

குறிக்கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் சில மாதங்களுக்கு ரைபிளோடு வரும் சாதாரணக் குறிக்கருவியே போதும். ஸ்கோப் எனும் தொலைநோக்கிக் குறிக்கருவி போட்டே ஆக வேண்டும் என்றால், சுருள் ஏர் ரைபிளுக்கென்று செய்ததை மட்டும் வாங்குங்கள். சுருள் ரைபிள் பின்னேயும் முன்னேயும் இரண்டு திசையிலும் உதைப்பதால், சாதாரண ஸ்கோப்பின் கண்ணாடிகள் சீக்கிரம் இடம் பெயர்ந்துவிடும்.

ஆறாம் படி: வாங்குவதும் கொண்டுவருவதும்

ஆயுத விற்பனை உரிமம் உள்ள கடையில் பில்லுடன் வாங்குங்கள். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்டுப் பதிவு செய்வார்கள். கேட்காத கடையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிள்ளைகளுக்காக வாங்குவதானால் பெற்றோர் பெயரில் வாங்கி, பூட்டிய அலமாரியில் வைத்து, சாவியையும் பெற்றோரே வைத்திருக்க வேண்டும். பழைய ரைபிளைத் தெரிந்தவரிடம் மலிவாக வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதன் மூலப் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டுக்கும் தளத்துக்கும் இடையே கொண்டுபோகும்போது ரைபிள் குண்டில்லாமல், சுருள் இறுக்கப்படாமல், மூடிய உறையில் இருக்க வேண்டும். பில்லின் நகல் உறைக்குள்ளேயே இருக்கட்டும். தூரத்திலிருந்து பார்க்கும் காவலருக்கு ஏர் ரைபிளுக்கும் மற்றதற்கும் வேறுபாடு தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மெட்ரோவில் பைகளைச் சோதனை செய்தே அனுப்புவதால் அந்த வழியை நம்பிப் புறப்படாதீர்கள். சொந்த வண்டியோ ஆட்டோவோ சரி. வழியில் யாராவது "என்ன சார் பையில?" என்று கேட்டால் திறந்து காட்டி விளக்கம் சொல்லும் ஆர்வமும் வேண்டாம், "ஸ்போர்ட்ஸ் சாமான்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். கேட்பவர் காவலரானால் மட்டும் பில்லோடு முழு விவரமும் சொல்லுங்கள்.

ஏழாம் படி: குண்டைத் தேடிக் கண்டுபிடித்தல்

ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே குண்டை விரும்புவதில்லை. ஆகவே மூன்று நான்கு வகைக் குண்டுகளில் சிறு டப்பாக்கள் வாங்குங்கள். 10 மீட்டர் அட்டைக்குத் தட்டைத்தலைக் குண்டு வட்டமாகச் சீராக வெட்டும். புள்ளிக் கணக்குப் பார்க்க வசதி. 20, 25 மீட்டருக்கு உருண்டைத்தலைக் குண்டு நிலையாகப் போகும். கூர்த்தலைக் குண்டு பார்க்கத்தான் அழகு.

புது ரைபிள் முதல் டப்பா தீரும் வரை ஒரு நிலையில் இருக்காது. தொழிற்சாலை எண்ணெய் எரிந்து சிறிது புகை வரும், குண்டுகள் மேலும் கீழுமாகப் போகும். அதுவரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதன் பிறகு ஒரு மேசையில் உட்கார்ந்து, மெத்தென்ற பையின்மேல் இடக்கையை விரித்து வைத்து, அந்த உள்ளங்கையில் ரைபிளை இறுக்கிப் பிடிக்காமல் படுக்கவிட்டு, ஒரே வகையில் ஐந்து குண்டுகள் ஒரே புள்ளியைப் பார்த்துச் சுடுங்கள். சுருள் ரைபிளை இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும்; அது தன் போக்கில் உதைத்துக்கொள்ள விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும். ஓட்டைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருக்கும் இரண்டின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, அதில் 4.5 மி.மீ. கழித்தால் கிடைப்பது சிதறலின் அளவு. ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் தொடக்கத்துக்கு நல்ல பொருத்தம். அவை புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்தாலும் கவலையில்லை, குறிக்கருவியைத் திருகி நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் சிதறலைத் திருகால் சரிசெய்ய முடியாது, குண்டை மாற்றித்தான் பார்க்க வேண்டும். போட்டி அட்டையில் பத்துப் புள்ளி தரும் மையம் வெறும் 0.5 மி.மீ. விட்டமுள்ளது என்பதை நினைத்துக்கொண்டால், சென்னைக் கடைகளில் கிடைக்கும் ரைபிள் எவ்வளவு தூரம் ஒத்துழைக்கும், எங்கே உங்கள் பயிற்சி தொடங்க வேண்டும் என்பது விளங்கும்.

எட்டாம் படி: நம் ஊர்க் காற்றுக்கேற்ற பராமரிப்பு

திருவான்மியூரிலும் ராயபுரத்திலும் கடற்காற்று இரும்பை விடாது. ஒவ்வொரு முறையும் சுட்டு முடித்ததும், கை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்து, வெளி உலோகத்தில் துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள். வியர்வை ஈரத்தோடு ரெக்சின் உறையில் போட்டு ஒரு வாரம் விட்டால், விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருக்கும். உறை கொண்டுபோக மட்டும். வைப்பது அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு.

எண்ணெய் விஷயத்தில் தாராளம் கூடாது. தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ குழலின் பின்வாயில் விட்டால், பிஸ்டன் நெருக்கும் காற்றின் சூட்டில் அது பற்றிக்கொண்டு வெடியோசையோடு சுடும். வலு கூடிவிட்டதே என்று சிலர் மகிழ்வார்கள். உள்ளே சீல் கருகிக்கொண்டிருக்கும். காற்றுச் சீலுக்குத் தேவைப்பட்டால் சிலிகான் எண்ணெய் மட்டும், அதுவும் துளியளவு. சுருளை இறுக்கிய நிலையில் ரைபிளை விட்டுவைக்கக் கூடாது. குண்டுகள் ஈயம் என்பதால், அவற்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீயோடு வடையை எடுப்பது வேண்டாம்.

அடுத்த கட்டத்துக்கு ஆசைப்படுவோருக்கு

ஓராண்டு, ஈராண்டு பழகிய பிறகு 50 மீட்டரில் .22 லாங் ரைபிள் சுட வேண்டும் என்ற ஆசை வரும். அதற்குத் தேசிய ரைபிள் சங்கத்தோடு இணைந்த கிளப்பில் உறுப்பினராகி, கிளப்பின் ரைபிளில் பயிற்சி பெறுவதே எளிய வழி. சொந்தமாக வைத்திருக்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். காவல் விசாரணை நடக்கும். சென்னை மாநகருக்குக் காவல் ஆணையரே உரிமம் வழங்கும் அதிகாரி. 2022 முதல் ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்கள் ஆகிவிட்டதால், உங்கள் வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும். ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, .303, 7.62 மி.மீ. போன்ற படைத்துறைத் தோட்டா ஏறும் ரைபிள்கள் தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. அதனால்தான் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பொதுமக்களுக்கு .315, .30-06 அளவுகளில் ரைபிள் செய்தது. அவை ஐந்து குண்டு கொள்பவை, உரக்க வெடிப்பவை, தோளில் பலமாக உதைப்பவை. அட்டை இலக்கில் பழகியவருக்கு எந்தப் பயனும் இல்லை. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தத் தளத்தில் எந்தப் பிரிவுக்காகச் சுடப்போகிறீர்கள் என்று கிளப்பிலிருந்து கடிதம் பெற்று இணைத்தால், அளவு .22 என்று குறிப்பிடுவதற்கான காரணமும் விண்ணப்பத்திலேயே இருந்துவிடும்.